ஃபிலிம் ஓரத்தில் உரிகிறது, பேட் கறுக்கிறது: செம்புத் தகட்டை எப்படித் தயார் செய்வது, எப்படி முடிப்பது?

செம்பிழை

மின்சுற்றுத் தகடு (பிசிபி) செய்கிறேன். எஃப்ஆர்-4 (கண்ணாடி இழைத் தகடு), 1.6 மி.மீ. தடிமன், ஒரு பக்கச் செம்பு, 35 மைக்ரான். மிகச் சிறிய டிராக் (மின்சாரம் ஓடும் செம்புக் கோடு) 0.25 மி.மீ., இடைவெளியும் அதேதான். நீல நிற ட்ரை ஃபிலிம் (ஒளி பட்ட இடத்தில் இறுகும் படலம்), அதைச் சூட்டில் ஒட்டும் லேமினேட்டர், புற ஊதா ஒளி காட்டும் யூவி எல்இடி பெட்டி, செம்பைக் கரைக்கும் ஃபெரிக் குளோரைடு.

இப்போதைய முறை: இரும்பு நாரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுப் பளபளவென்று தேய்ப்பது, டிஷ்யூ தாளால் துடைப்பது, உடனே ஃபிலிம் ஒட்டுவது.

நான்கு கோளாறுகள் மாறாமல் வருகின்றன:

1. டெவலப் செய்யும்போது (ஒளி படாத ஃபிலிமைக் கரைத்து நீக்கும்போது) தகட்டின் ஓரத்தில் 3–4 மி.மீ. அகலத்துக்கு ஃபிலிம் உரிகிறது.
2. எச்சிங் (ஃபிலிம் மூடாத செம்பைக் கரைப்பது) முடிந்தபின் கிரவுண்ட் பரப்பில் (கரைக்காமல் விடும் அகன்ற செம்புப் பகுதியில்) ஊசிமுனைத் துளைகள். அதே தகட்டிலேயே டிராக்குகளுக்கு நடுவில் கரையாத செம்புப் புள்ளிகளும் உண்டு.
3. தண்ணீரில் எவ்வளவு கழுவினாலும் மஞ்சள் கறை போவதில்லை.
4. முடித்த தகடு சில வாரங்களில் பழுப்பாகி, பிறகு கறுக்கிறது. பாகங்களின் கால்களைப் பற்றவைக்கும் பேட்களில் சால்டர் (பற்றாசு) பிடிக்காமல் உருண்டையாக நிற்கிறது.

நான்காவதற்கு வெள்ளீயக் கரைசலில் முக்குவதா, ரோஸ் உலோகமா (குறைந்த சூட்டில் உருகும் கலப்பு உலோகம்), ரோசின் (பைன் மரப் பிசின்) பூச்சா? துளையிடுவதை அதற்கு முன் செய்வதா, பின் செய்வதா? ஏற்கெனவே கறுத்துப்போன தகடுகளை மீட்க வழி உண்டா?

---

தகட்டுத்தச்சன்

முதல் இரண்டு கோளாறுகளும் ஃபிலிம் ஒட்டுவதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. எச்சிங் அவற்றைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இரும்பு நாரை முதலில் கைவிடுங்கள். அதில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். உடையும் இழைத்துகள்கள் செம்பில் பதிந்து, ஈரத்தில் துருப்பிடித்து, ஃபிலிமுக்கு அடியில் புள்ளி புள்ளியாக நிற்கும். ஒரே திசையில் ஆழமான கீறல் போடுவது அதைவிட மோசம். கீறல் வழியாக எச்சிங் கரைசல் ஃபிலிமுக்கு அடியில் நுழைந்து மெல்லிய டிராக்கை அறுத்துவிடும். பளபளப்பும் நமக்கு வேண்டியதில்லை. கண்ணாடிபோல் மின்னும் செம்பில் ஃபிலிமும் பிடிக்காது, லேசர் அச்சின் டோனரும் பிடிக்காது. நன்றாகப் பிடிப்பது மங்கலான, ஒரே சீரான இளஞ்சிவப்புப் பரப்பில்தான்.

முதல் வேலை ஓரம். தகட்டை வெட்டியதும் விளிம்பில் செம்புப் பிசிறு மேலே தூக்கி நிற்கும். விரல் நகத்தால் உள்ளிருந்து வெளியே தடவினால் மாட்டும். லேமினேட்டர் உருளை அந்தப் பிசிறின்மேல் ஏறிப்போவதால் அதை ஒட்டிய சில மில்லிமீட்டர் பட்டையில் அழுத்தமே விழாது. உங்கள் 3–4 மி.மீ. அதுதான். தட்டையான அரத்தால், செம்புப் பக்கத்திலிருந்து கீழ்நோக்கி, 45 டிகிரி சாய்வில் நான்கைந்து இழுப்பு போதும். அரத்தை மேல்நோக்கி இழுத்தால் செம்பே பெயர்ந்து வரும். சுற்றிலும் 5 மி.மீ. கூடுதலாக வைத்து வெட்டி, எல்லாம் முடிந்தபின் அதைக் கழித்துவிடுவது இன்னும் நல்லது.

வெட்டும்போதும் தேய்க்கும்போதும் எஃப்ஆர்-4 கண்ணாடி இழைத் தூளைக் கிளப்பும். ஈரத்தோடு தேயுங்கள். உலர்வாக அறுக்க வேண்டியிருந்தால் எண்95 தரமுள்ள முகமூடி போடுங்கள்; துணி முகமூடி இதற்கு உதவாது. தகரக் கத்தரியால் வெட்டினால் விளிம்பில் லேமினேட் வெள்ளை வெள்ளையாகப் பிளக்கும். இரு பக்கமும் கத்தியால் ஆழமாகக் கீறி மேசை விளிம்பில் வைத்து முறிப்பது மேல்.

அடுத்தது பரப்பு. பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்ப் பட்டை அல்லது 600 எண் நீர் உப்புத்தாள், ஓடும் தண்ணீர், வட்ட வட்டமான அசைவு. 35 மைக்ரான்தான் இருக்கிறது, அதனால் அழுத்த வேண்டாம். கைக்கு மென்மை தரும் சோப்புகள் மெல்லிய படலத்தை விட்டுச்செல்லும். மணமோ எண்ணெயோ சேர்க்காத டிடர்ஜென்ட் தூள் நல்லது. தொழிற்சாலையிலிருந்து வரும் தகட்டில் கறுக்காமலிருக்க ஒரு மெல்லிய பாதுகாப்புப் பூச்சும் இருக்கலாம். புதுத் தகடு பார்க்கச் சுத்தமாக இருக்கிறது என்று அப்படியே ஃபிலிம் ஒட்டக் கூடாது.

பிறகு நீர்ப்படலச் சோதனை. தகட்டை நனைத்துச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் முழுப் பரப்பிலும் ஒரே விரிப்பாக 20–30 விநாடி நிற்க வேண்டும். எங்காவது விலகி முத்து முத்தாகத் திரண்டால் அங்கே கொழுப்பு இருக்கிறது. விரல் ரேகை எங்கே பட்டது என்பதைக்கூட இது காட்டிவிடும். சோதனையில் தேறும்வரை திரும்பத் தேய்க்க வேண்டும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

தேறியதும் 5 சதவீத சிட்ரிக் அமிலத்தில், அதாவது லிட்டருக்கு 50 கிராம், ஒரு நிமிடம். இன்னும் நல்ல பிடிப்பு வேண்டுமென்றால் நீர்த்த ஃபெரிக் குளோரைடில் 5 விநாடி முக்கி எடுத்து, சிட்ரிக் அமிலத்தில் அலசி, பிறகு தண்ணீர். பரப்பு மங்கிய இளஞ்சிவப்பாகிவிடும். உடனே உலர்த்த வேண்டும், ஈரச் செம்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறைபடும். டிஷ்யூ தாள் நூல் உதிர்க்கும். வெந்நீரில் அலசிவிட்டு முடி உலர்த்தியால் காற்றடிக்கலாம். இதற்கப்புறம் தகட்டை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். 10–15 நிமிடத்துக்குள் ஃபிலிம் ஏறிவிட வேண்டும்.

ஃபிலிமின் உள்பக்கப் பாதுகாப்புத் தாளை முழுவதும் உரிக்காமல் முதலில் 2 செ.மீ. மட்டும் உரித்து, ஒரு விளிம்பில் படியவைத்து, மீதியை உருளை உள்ளே இழுக்க இழுக்க உரியுங்கள். காற்றுக் குமிழ் மாட்டாது. தகட்டை முன்கூட்டியே சூடாக்குவது முக்கியம். 1.6 மி.மீ. எஃப்ஆர்-4 நிறைய வெப்பத்தை உறிஞ்சும். உருளை 110 டிகிரியில் இருந்தாலும் செம்புக்கும் ஃபிலிமுக்கும் இடையே அந்தச் சூடு வந்திருக்காது. தகட்டைக் கையில் பிடிக்க முடியாத அளவு, ஏறக்குறைய 50–60 டிகிரிக்குச் சூடாக்கி, இரண்டு மூன்று முறை உருளையில் விடுங்கள். ஒளி காட்டுவதற்கு முன் 15 நிமிடம், காட்டியபின் 15 நிமிடம் சும்மா இருக்கட்டும். இரண்டாவது காத்திருப்பில் பாலிமர் இறுகுவது தொடர்கிறது. அதைத் தவிர்த்தால் டெவலப்பரில் மெல்லிய கோடுகள் நெளியும்.

துளைகளும் செம்புப் புள்ளிகளும் பார்க்க உறவு போலத் தெரிந்தாலும் நேர்மாறான காரணங்களால் வருபவை. இது நெகடிவ் ஃபிலிம், ஒளி பட்ட இடம் இறுகி நிற்கும். மாஸ்க்கின் (சுற்றின் வடிவம் அச்சிட்ட தாள்) தெளிவான பகுதியில் தூசி இருந்தால் அங்கே ஒளி போகாது, ஃபிலிம் கரையும், செம்பில் துளை விழும். மாஸ்க்கின் கறுப்பில் ஓட்டை இருந்தால் ஒளி கசிந்து அங்கே ஃபிலிம் இறுகும், செம்புப் புள்ளி மிஞ்சும். முதலாவதற்குக் கண்ணாடியையும் மாஸ்க்கையும் ஒட்டும் உருளையால் தூசி எடுங்கள். இரண்டாவதற்கு ஒரே அச்சை இரண்டு பிரதி எடுத்துச் சரியாகப் பொருத்தி ஒட்டுங்கள். லேசர் அச்சின் கறுப்பைச் சன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாலே ஓட்டைகள் தெரியும்.

புள்ளிகளுக்கு இன்னொரு காரணம் அரைகுறை டெவலப்பிங். சோடியம் கார்பனேட் லிட்டருக்கு 10 கிராம், 28–30 டிகிரி, மென்தூரிகையால் வருடிக்கொண்டே. 10 கிராம் என்பது நீரற்ற தூளுக்கான கணக்கு. படிக வடிவச் சலவைச் சோடாவானால் 27 கிராம் வேண்டும். சமையல் சோடா வேறு பொருள், அது டெவலப் செய்யாது. ஒளி காட்டியபின் ஃபிலிமின் மேல்பக்கத்தில் இருக்கும் தெளிவான தாளை உரிக்க மறந்துவிட்டு மணிக்கணக்கில் டெவலப்பரைக் குறைசொல்பவர்களும் உண்டு.

டெவலப் முடிந்ததா என்று அறிய ஒரு நல்ல சோதனை: தகட்டை எச்சிங் கரைசலில் 10 விநாடி முக்கி, எடுத்து அலசிப் பாருங்கள். வெற்றுச் செம்பு எல்லாம் உடனே மங்கிய இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். எங்காவது இன்னும் மினுமினுப்பு இருந்தால் அங்கே கண்ணுக்குத் தெரியாத ஃபிலிம் மிச்சம் இருக்கிறது. நன்றாகக் கழுவி, திரும்ப டெவலப்பருக்கு. அடர்நீலமாக, விளிம்பு தெளிவாக நிற்கும் புள்ளியானால் அது இறுகிய ஃபிலிம், கத்தி முனையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

---

அரிநீர்

மேலே உள்ளதில் ஒன்றில் மட்டும் கருத்து வேறுபாடு. சுத்தம் செய்வதற்கு ஃபெரிக் குளோரைடு முக்கல் தேவையற்ற தலைவலி. அலசுவதில் சிறிது பிசகினாலும் இரும்பு உப்பு பரப்பில் தங்கும், அதன்மேல் ஃபிலிம் ஒட்டினால் கதை பழையபடி. சோடியம் பெர்சல்ஃபேட் 10 சதவீதக் கரைசலில் 30–60 விநாடி வைத்தால் அதே மங்கல் பரப்பு கிடைக்கும், கறையும் இல்லை.

மூன்றாவது கோளாறுக்கு வருகிறேன். ஃபெரிக் குளோரைடு கரைசல் அமிலத்தன்மை உள்ளவரைதான் தெளிவாக இருக்கும். எடுத்த எடுப்பில் தண்ணீரில் முக்கினால் அமிலம் நீர்த்துப்போய், ஃபிலிம் விளிம்பிலும் கண்ணாடி இழை நுனியிலும் ஒட்டியிருக்கும் இரும்பு, ஹைட்ராக்சைடாகப் படியும். அந்த மஞ்சள்தான் இது. ஒருமுறை படிந்தபின் தண்ணீரால் போகாது. வரிசையை மாற்றுங்கள்: கரைசலை நன்றாக வடியவிட்டு, முதலில் 5–10 சதவீத சிட்ரிக் அல்லது ஆக்சாலிக் அமிலத்தில் ஒரு நிமிடம், அப்புறம் ஓடும் தண்ணீர். ஆக்சாலிக் அமிலம் நன்றாக வேலை செய்யும், ஆனால் நஞ்சு, கையுறை வேண்டும். ஏற்கெனவே மஞ்சளான தகட்டையும் இதே அமிலத்தில் 10 நிமிடம் ஊறவைத்துப் பார்க்கலாம். கறையை அப்படியே விடாதீர்கள். அது ஈரத்தை இழுக்கும், மெகாஓம் அளவு மின்தடை உள்ள சுற்றுகளில் கசிவு காட்டும்.

எச்சிங்கில் கவனிக்க வேண்டியது வெப்பமும் அசைவும். 40–45 டிகிரியில் தொடர்ந்து அசைத்தால் 35 மைக்ரான் செம்பு 8–12 நிமிடத்தில் போகும். குளிர்ந்த கரைசலில் அசைக்காமல் வைத்தால் முக்கால் மணி நேரம்கூட ஆகும். அந்த நேரம் முழுக்க ஃபிலிம் விளிம்புக்கு அடியில் பக்கவாட்டு அரிப்பும் நடக்கும். செம்பு கீழ்நோக்கிக் கரையும்போது பக்கத்திலும் கரைவதால் ஒவ்வொரு ஓரத்திலும் 20–35 மைக்ரான் இழப்பு எதிர்பார்க்கலாம். உங்கள் 0.25 மி.மீ. டிராக் ஏறக்குறைய 0.2 ஆகும். அதற்கும் மெல்லிய டிராக் வேண்டுமென்றால் 18 மைக்ரான் தகடு வாங்குவதே சரி, கரைசலை மாற்றிப் பயனில்லை.

தகட்டைச் செம்புப் பக்கம் கீழே இருக்கும்படி மிதக்கவிடுவது நல்ல வழி. கரையும்போது உண்டாகும் கனமான கசடு தானே கீழே விழுந்து புதுக் கரைசல் உள்ளே வரும். வைக்கும்போது ஒரு பக்கம் சாய்த்து இறக்குங்கள், இல்லாவிட்டால் குமிழ் மாட்டி அந்த இடம் அரியாது. பாத்திரம் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் ஃபெரிக் குளோரைடு தின்னும். அலுமினியத்தில் கொதித்துப் பொங்கும்.

பெர்சல்ஃபேட்டில் எச்சிங் செய்பவர்கள் லிட்டருக்கு 200–250 கிராம், 40–50 டிகிரி. பயன்படுத்திய கரைசலை இறுக மூடி வைக்கக் கூடாது, மெல்ல ஆக்சிஜன் வெளிவந்து பாட்டில் வெடிக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெராக்சைடும் கலப்பது வேகமானது, ஆனால் அதன் ஆவியில் குளோரின் இருக்கும். மூடிய அறைக்குள் வேண்டவே வேண்டாம். அதே அறையில் இருக்கும் இரும்புக் கருவிகள் எல்லாம் ஒரே இரவில் துருப்பிடித்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தீர்ந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். செம்பு உப்பு மிகக் குறைந்த அளவிலேயே நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. பெரிய வாளியில், நுரைத்துப் பொங்க இடம் விட்டு, சோடியம் கார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து பிஹெச் 8–9 வரை கொண்டுவந்தால் செம்பும் இரும்பும் கசடாக அடியில் தங்கும். ஒரு நாள் தெளியவிட்டு, வடிகட்டி, கசடை உலர்த்தி, அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். மேலே நிற்கும் நீர் நீலமாகவோ பச்சையாகவோ இருந்தால் செம்பு இன்னும் கரைசலில் இருக்கிறது என்று பொருள். சிட்ரிக் அமிலம் கலந்த அலசல் நீரை இதில் சேர்க்காதீர்கள். சிட்ரேட் செம்பைப் பிடித்துவைத்துக்கொண்டு படியவிடாது.

---

செம்பிழை

தெளிவாகிவிட்டது. எச்சிங்குக்குப் பிறகான வரிசையைச் சொன்னால் நல்லது. தகட்டில் 0.8 மி.மீ. பிட்ச் (கால்களுக்கு இடையே உள்ள தூரம்) ஐசி ஒன்று, மீதி எல்லாம் துளை வழிப் பாகங்கள். பச்சை சால்டர் மாஸ்க்கும் (பேட்கள் தவிர மற்ற செம்பை மூடும் பூச்சு) போட எண்ணம்.

---

வெள்ளீயம்

வரிசை இது: ஃபிலிம் நீக்கம், துளை, மறுபடி சுத்தம், சால்டர் மாஸ்க், வெள்ளீயம். மாஸ்க் எப்போதும் வெற்றுச் செம்பின்மேல். வெள்ளீயமோ சால்டரோ பூசிய பரப்பின்மேல் மாஸ்க் போட்டால், பின்னர் சால்டர் செய்யும்போது அடியில் உலோகம் உருகி மாஸ்க் சுருங்கும்.

ஃபிலிமை நீக்க 2–3 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு. சில நிமிடத்தில் தோல்போல் உரிந்து வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். காரம் கண்ணில் பட்டால் அமிலத்தைவிட மோசமாக உள்ளே இறங்கும். ஃபிலிமுக்குப் பதில் டோனர் ஒட்டியிருந்தால் அசிட்டோன்.

யூவியில் இறுகும் மாஸ்க் மையில் எல்லோரும் செய்யும் தவறு, தடிமன். நிறமி புற ஊதாவை விழுங்குவதால் தடித்த படலம் மேலே மட்டும் இறுகி அடியில் பசையாகவே இருக்கும். சிறிதளவு மையைத் தகட்டின் நடுவில் வைத்து, தெளிவான ஃபிலிமால் மூடி, அட்டையால் நடுவிலிருந்து வெளியே தள்ளுங்கள். அடியில் டிராக்குகள் நன்றாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாக வரவேண்டும். பேட்களைத் திறந்தபின் இன்னும் ஒரு முறை நீண்ட நேரம் ஒளி காட்டினால்தான் சால்டர் சூட்டைத் தாங்கும்.

இப்போது வெள்ளீயக் கரைசல். இயல்பாகப் பார்த்தால் செம்பின்மேல் வெள்ளீயம் படியக் கூடாது, இரண்டில் எளிதில் கரையாத உயர்ந்த உலோகம் செம்புதான். கரைசலில் உள்ள தையோயூரியா செம்பு அயனியை இறுகப் பிடித்துக்கொள்வதால் நிலைமை தலைகீழாகி, செம்பு கரைந்து அந்த இடத்தில் வெள்ளீயம் உட்காருகிறது. செம்பு முழுவதும் மூடியதும் வினை தானாகத் தளர்ந்துவிடும். அதனால்தான் தடிமன் 1 மைக்ரான் அளவிலேயே நிற்கிறது. ஒரு மணி நேரம் வைத்தாலும் பெரிதாக அதிகரிக்காது. அறை வெப்பத்தில் 10–15 நிமிடம் போதும்.

இதற்கும் நீர்ப்படலச் சோதனை செய்து தேற வேண்டும். வெள்ளீயம் திட்டுத் திட்டாக வந்தால் காரணம் கரைசல் அல்ல, பரப்பு. கரைசல் பால்போல் கலங்கினால்தான் காற்றுப் பட்டு வெள்ளீயம் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது என்று பொருள். பாட்டிலை நிரப்பி, மூடி, இருட்டில் வையுங்கள். தையோயூரியா புற்றுநோய் உண்டாக்கலாம் என்ற ஐயத்துக்கு உட்பட்ட பொருள். நைட்ரைல் கையுறை, நல்ல காற்றோட்டம், சமையலறைக்கு வெளியே.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளீயத்துக்கும் செம்புக்கும் நடுவில் கலப்பு உலோகப் படலம் மெல்ல வளர்ந்துகொண்டே இருக்கும். 1 மைக்ரான்தான் இருப்பதால் சில மாதங்களில் அது மேல்பரப்பையே எட்டிவிடலாம். அப்போது பார்க்க வெள்ளையாக இருந்தாலும் சால்டர் பிடிக்காது. பூசியபின் கூடிய விரைவில் பாகங்களைப் பொருத்திவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் எடுத்துவைக்க இது ஏற்றதல்ல.

ரோஸ் உலோகம்: பிஸ்மத் பாதி, மீதி காரீயமும் வெள்ளீயமும். 94–98 டிகிரியில் உருகுவதால் சிட்ரிக் அமிலம் கலந்த கொதிநீரிலேயே ரப்பர் கரண்டியால் தேய்த்துப் பூசலாம். பளபளவென்று அழகாக வரும். ஆனால் சால்டர் செய்யும்போது இந்த பிஸ்மத் இணைப்புக்குள் கலக்கிறது. காரீயமும் வெள்ளீயமும் சேர்ந்தால் 96 டிகிரி அளவில் உருகும் கட்டம் இணைப்பில் மிஞ்சும். பவர் டிரான்சிஸ்டர், ரெகுலேட்டர் போன்ற சூடாகும் பாகங்கள் உள்ள தகட்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பாத்திரமும் இனிச் சமையலுக்கு ஆகாது.

0.8 மி.மீ. பிட்ச்சுக்கு இன்னொரு எளிய வழி: ஃப்ளக்ஸ் (சால்டர் பிடிக்க உதவும் பொருள்) தடவி, சால்டர் நனைத்த செம்புப் பின்னல் திரியைச் சூட்டுக்கோலோடு மெல்ல இழுப்பது. படலம் மெல்லியதாக வரும், வெள்ளீயக் கரைசலைவிடப் பலமடங்கு நாள் தாங்கும். அதிக நேரம் சூடு காட்டினால் பேட் பெயரும். பழுப்பு நிறக் காகித ஃபீனாலிக் தகட்டில் இன்னும் சீக்கிரம் பெயரும்.

---

துளைமுனை

துளை பற்றி. எச்சிங் செய்யும்போதே ஒவ்வொரு பேட் நடுவிலும் 0.3–0.4 மி.மீ. செம்பில்லாத புள்ளி விடுங்கள். துளைமுனை வழுக்காமல் அதில் உட்காரும். மின்தடை, ஐசி கால்களுக்கு 0.8 மி.மீ., ஹெடர் பின்களுக்கும் சற்றுத் தடித்த டயோடுகளுக்கும் 1.0. எஃப்ஆர்-4க்கு கார்பைடு முனைதான். சாதாரண எஃகு முனையைக் கண்ணாடி இழை சில டஜன் துளைகளிலேயே மழுக்கிவிடும். மழுங்கிய முனை செம்பை வெட்டாமல் தள்ளுவதால் பேட்டைச் சுற்றி எரிமலை வாய்போல் மேடு வரும். கார்பைடு பக்கவாட்டு அசைவைத் தாங்காது, கையில் பிடித்துத் துளைத்தால் ஒடிவது நிச்சயம், ஸ்டாண்ட் வேண்டும். அடியில் மரப்பலகையோ பழைய தகடோ வைத்தால் மறுபக்கம் சிதறாது.

துளைத்தபின் பச்சை நாரால் ஒரு தேய்ப்பு, தண்ணீர், 5 சதவீத சிட்ரிக் அமிலம், பிறகுதான் வெள்ளீயம். பூசியபின் துளைத்தால் அந்த மெல்லிய படலத்தைத் தூளே கீறிவிடும். துளைச் சுவரில் கண்ணாடி இழை நுனிகள் கரைசலை உறிஞ்சிவைத்துக்கொள்ளும் என்பதால் வெந்நீரில் அலசி, 80 டிகிரியில் அரை மணி நேரம் உலர்த்துங்கள்.

ஒரே ஒரு தகடு, ஓரிரு நாளில் சால்டர் செய்யப்போகிறீர்கள் என்றால் வெள்ளீயமே வேண்டாம், ரோசின் பூச்சு போதும். 100 மி.லி. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் 25 கிராம் ரோசினைப் பொடித்துப் போட்டு, ஓரிரவு கரையவிட்டு, வடிகட்டி, தட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பாகப் பூசுங்கள். ஒரு நாளாவது உலர வேண்டும். பிசுபிசுப்பு மிஞ்சினால் பூச்சு தடித்துவிட்டது என்று அறியலாம். இதுவே ஃப்ளக்ஸாகவும் உதவும். சால்டர் முடிந்தபின் ஆல்கஹாலால் கழுவி, உலர்த்தி, அக்ரிலிக் பூச்சுத் தெளியுங்கள். பாலியூரிதேன் பூச்சும் நீடிக்கும், ஆனால் பழுது பார்க்க அதன் வழியே சூட்டுக்கோலை வைத்தால் ஐசோசயனேட் புகை வரும். எனவே அக்ரிலிக்.

கறுத்த தகடுகள்: பழுப்பு என்றால் ஆக்சைடு, 5–10 சதவீத சிட்ரிக் அமிலத்தில் இரண்டு மூன்று நிமிடத்தில் இளஞ்சிவப்பு திரும்பும். கருநீலமோ கரும்பழுப்போ ஆகி அமிலத்துக்கு அசையாவிட்டால் அது கந்தகம் சேர்ந்த சல்ஃபைடு. அதற்குக் கரடுமுரடான மை அழிப்பானால் டிராக் நீளும் திசையிலேயே தேயுங்கள், குறுக்கே தேய்த்தால் 0.25 மி.மீ. டிராக் ஓரம் தூக்கும். ரப்பர்த் துகள் போக ஆல்கஹால் துடைப்பு, ஒரு நிமிடம் அமிலம், தண்ணீர், உலர்த்தல். அன்றைக்கே ரோசின் பூசிவிடுங்கள். இனி எடுத்துவைக்கும் தகடுகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள், சாதாரண அட்டைப் பெட்டியிலும் போடாதீர்கள். இரண்டிலிருந்தும் கந்தகம் வரக்கூடும். மூடியிறுக்கும் பிளாஸ்டிக் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.